அப்பா ஈரத்துணி போடாத நாள்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில் எங்கள் வீட்டில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று ஓடும். மற்றது அப்பாவின் செல்லம். அஜின்கோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கழித்துவிட்ட பழைய இங்கிலாந்துக் கார் அது. லீவு நாள் முழுக்க அப்பா அதன் அடியில்தான் கிடப்பார். "அதுக்குச் சோறு மட்டும்தான் இன்னும் தீத்தேல்லை" என்பது அம்மாவின் முறைப்பாடு.

வெயில் ஏறினால் செல்லத்துக்கு வருத்தம் வந்துவிடும். பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, கார்பரேற்றருக்கு ஒரு சொட்டும் போகாமல் நடுத்தெருவில் நின்றுவிடும். அதற்கு மருந்து, பெற்றோல் பம்பின் மேல் ஈரத்துணி. போட்டால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடும். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடிய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. துணி நனைக்கும் உத்தியோகம் எனக்கு. ஒன்பது வயதில் அதைவிடப் பெரிய பதவி ஏது?

ஊரில் போர் முடிந்த கோடை அது. மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் அம்மா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. ஒருநாள் காலை யூனியன்வில்லிலிருந்து தெரிந்த அன்ரி ஒருவர் ரெலிபோன் எடுத்தார். அகதி முகாமிலிருந்த அவருடைய அண்ணையோடு பேசக் கிடைத்ததாம். அப்பாதான் கேட்டார். வைத்துவிட்டு, "தம்பியின்ரை விசயமாம். நேரை வரட்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்கு அது போதும். முகத்தில் களை வந்துவிட்டது. நல்ல சேலை உடுத்தி, அன்ரி வீட்டுக்கென்று கேசரியும் கிண்டி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கொதிக்கிற வெயிலில், ஓடுகிற காரை விட்டுவிட்டு அப்பா செல்லத்தை எடுத்தார்.

பாதி வழியில் அது நின்றது. எனக்குப் புளுகத்தில் தலைகால் புரியவில்லை. துணியை நனைத்துக்கொண்டு ஓடினேன். அப்பா அதை வாங்கித் தன் முகத்தைத் துடைத்தார்.

"அப்பா, பம்பிலை போடுங்கோ!"

"பொறு பிள்ளை. தானாய் ஆறட்டும்."

அம்மாவுக்கு அன்று கோபமே வரவில்லை. தெருவோர மர நிழலில் உட்கார்ந்து தம்பியின் கதைகளைத் தொடங்கிவிட்டார். பெற்றோல் கிடைக்காத காலத்தில் மாமா மண்ணெண்ணெயில்தான் கார் ஓட்டினாராம். ஸ்ராட் பண்ண மட்டும், சென்ற் போத்தலில் ஒளித்து வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சம் கார்பரேற்றருக்குள் விடுவாராம். கலியாண ஓட்டம் ஒன்றில் மாப்பிள்ளை அதை மெய்யான சென்ற் என்று எடுத்துக் கழுத்தெல்லாம் பூசிவிட்டார்.

"ஐயா, மாப்பிள்ளையை ஓமத்துக்குக் கிட்ட இருத்திப்போடாதேங்கோ எண்டு தம்பி ஐயரின்ரை காலிலை விழாத குறை!"

அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "உவன் ஒருக்கா ரெலிபோனிலை வரட்டும், நல்லாய்ப் பேசுவன். என்னை எவ்வளவு அழவைச்சிட்டான்."

அப்பா எஞ்சினுக்குள் குனிந்தபடியே நின்றார். நிமிரவே இல்லை.

வெகுநேரம் கழித்து, "ஏறுங்கோ" என்றார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

அப்பாவுக்கு வித்தை மறந்துபோயிற்று என்று நான் முடிவுகட்டினேன். மாமா உயிரோடு இல்லை என்பதை அவர் காலையிலேயே கேட்டுவிட்டார் என்பதும், அம்மா இன்னும் கொஞ்ச நேரம் தம்பி உள்ள அக்காவாக இருக்கட்டும் என்றுதான் ஈரத்துணி போடவில்லை என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. காய்ந்துபோன துணியை மடியில் வைத்துக்கொண்டு, அன்ரி வீடு வரும்வரை அவரோடு கோபமாக இருந்தேன்.