முப்பத்தெட்டாம் நம்பர் பூட்ஸ்

ஸ்லாத்தினாவும் நானும் செவ்லியேவோ நகரக் கால்நடை ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம். இறைச்சியைச் சந்தேகப்படுவதுதான் எங்கள் வேலை. வேட்டைக்காரர்கள் சுட்ட காட்டுப்பன்றியிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பையில் போட்டு, எந்தக் குழு, எந்த நாள், எந்தக் காடு என்று எழுதிக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நசுக்கி, விளக்கடியில் வைத்து, சதைக்குள் புழு சுருண்டு கிடக்கிறதா என்று பார்ப்போம். பெரும்பாலும் இருக்காது. இல்லை என்றால் நான் எழுதி மூடிவிடுவேன். அவள் இன்னொரு துண்டு நசுக்குவாள்.

புருஷன் விஷயத்திலும் அப்படித்தான். இவாய்லோவின் சட்டைப் பையில் கிடைத்த ஒரு பார்க்கிங் சீட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் விசாரித்தாள். சந்தேகம் சரியாகவே இருந்தது. "தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், கின்கா" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதில்லை.

புருஷன் போய்விட்டான், பிள்ளை கிடையாது. அம்மா இறந்து நாலு வருடம். மிச்சம் இருந்தது அப்பா டோப்ரி. இருபது கிலோமீட்டர் மலை மேலே க்ருஷேவோ கிராமத்தில் தனியாக இருந்தார். நாற்காலித் தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஆனால் அவரைக் கேட்டால் வேட்டைக்காரன் என்றுதான் சொல்வார். மனைவிக்கு நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாளே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு குழுவோடு காட்டுக்குப் போனார். ஊரில் சிலர் அதைத் தப்பாகப் பேசினார்கள். ஸ்லாத்தினா பேசவில்லை. போகாவிட்டால்தான் பயந்திருப்பேன் என்றாள்.

டிசம்பர் நடுவில் அவருக்குப் பிறந்தநாள் வரும். ஒவ்வொரு வருடமும் வேட்டைக்கு உதவுகிற ஏதாவது ஒன்றை வாங்குவாள். வாங்குவது என்றால் சும்மா இல்லை. பிளாஸ்க் வாங்கிய வருடம், காலையில் கொதிநீர் ஊற்றி எங்கள் மேஜையில் வைத்து, மணிக்கொரு தடவை தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தாள். நெற்றியில் கட்டும் விளக்கை மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குள் ஒரு பகல் முழுக்க எரிய விட்டாள். இரட்டைக் கண் தூரநோக்கி வாங்கியபோது ஜன்னல் வழியாகத் தேவாலய மணிக்கூண்டின் புறாக்களை எண்ணினாள். என்னையும் எண்ணச் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் எண்ணிக்கை ஒத்துப்போகும் வரை விடவில்லை. போன வருடம் உரோமம் வைத்த பூட்ஸ், நாற்பத்திநாலாம் நம்பர். அதை ஒரு தொட்டித் தண்ணீரில் நிற்க வைத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இந்த வருடம் எழுபது. பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு வேட்டைச் சாமான் கடைக்குப் போனாள். கடைக்காரன் அஸ்பாருக் எங்களுக்குத் தெரிந்தவன்தான்.

"மழைக் கோட்டு காட்டு. அப்பாவுக்கு" என்றாள்.

"டோப்ரி அண்ணனுக்கா? அளவு சரியா சொல்லிடுங்கக்கா. போன தடவை மாதிரி வந்து மாத்தப் போறாரு."

"எதை மாத்தினார்?"

"பூட்ஸைத்தான். முப்பத்தெட்டாம் நம்பர் எடுத்துக்கிட்டுப் போனாரே."

"எங்கப்பா காலு நாப்பத்திநாலு."

அஸ்பாருக் அப்போதுதான் தன் வாயைக் கவனித்தான். "பொம்பளைங்க பூட்ஸ்க்கா அது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கோட்டுகளை மடிக்க ஆரம்பித்தான்.

கோட்டு வாங்கவில்லை. இருவரும் திரும்பி நடந்தோம். பாலத்தில் நின்று, "பிளாஸ்க்கை ஒரு வருஷமா நான் அங்க பாக்கல" என்றாள். "விளக்கையும் பாக்கல. தூரநோக்கி எங்கன்னு கேட்டா ஜீப்புல இருக்குங்கிறார்."

"ஒரு துணை கிடைச்சிருந்தா நல்லதுதானே, ஸ்லாத்தினா?"

"நல்லதுதான். அப்ப ஏன் மறைக்கிறார்?"

மறுநாள் பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தாள். டோப்ரி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளுக்குப் பங்கு இறைச்சி கொடுத்தனுப்புவார். குழுவில் எந்தப் பன்றி விழுந்தாலும் எல்லாருக்கும் சமபங்கு, அது வழக்கம். ஆனால் சுட்ட பன்றி ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் ஒரு துண்டு வர வேண்டும். க்ருஷேவோ குழுவின் பெயரில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். அக்டோபரிலிருந்து இரண்டே இரண்டு.

"எனக்கு எட்டு வாரமா கறி வருது" என்றாள். "ரெண்டு பன்னி. எட்டு வாரம்."

"பரிசோதனைக்குக் கொடுக்காம சாப்பிடுறாங்களோ?"

"காத்யோ தலைவனா இருக்கிற வரைக்கும் அது நடக்காது." அவள் எழுந்து குளிர்பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தாள். அப்பா கொடுத்த கறியையும் அவள் வாராவாரம் இங்கே கொண்டுவந்து நசுக்கிப் பார்த்துத்தான் சமைப்பாள் என்பது எனக்குத் தெரியும். "நிறத்தைப் பாரு. இவ்வளவு வெளுப்பா இருக்குமா? கேட்டா, குட்டிப் பன்னிங்கிறார். இந்தக் கொழுப்பைப் பாரு. காட்டுல ஓடின பன்னிக்கு ஏது இவ்வளவு கொழுப்பு?"

நான் முகர்ந்து பார்த்தேன். தொழுவத்தில் மக்காச்சோளம் தின்று படுத்துக் கிடந்த பன்றிதான். சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை என் காரில் போனோம். அவள் காரை அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். காலை எட்டு மணிக்கு க்ருஷேவோ முக்கில், மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நிறுத்தினோம். டோப்ரி வாசலுக்கு வந்தார். பச்சைச் சட்டை, தொப்பி, தோளில் துப்பாக்கி உறை. எதுவும் குறையவில்லை. காத்யோவின் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. தூரம் விட்டுப் பின்னால் போனோம்.

வேட்டைக் குடிசைக்கு மேலே இருந்த வளைவிலிருந்து எல்லாம் தெரிந்தது. பன்னிரண்டு பேர். சீட்டு எடுத்து யார் எங்கே நிற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். நாய்களோடு பன்றியை விரட்டுபவர்கள் ஒரு பக்கம், சுடுபவர்கள் மறு பக்கம் ஏறிப் போனார்கள். டோப்ரி போகவில்லை. குடிசைத் திண்டில் உட்கார்ந்து காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து அடுப்பை மூட்டினார். வெங்காயம் உரித்தார்.

"சமையல்காரனா போறார்" என்றேன்.

"உறைக்குள்ள என்ன இருக்கு?" என்றாள் ஸ்லாத்தினா.

மத்தியானம் வரை ஒரு வெடிச்சத்தம்கூடக் கேட்கவில்லை. ஆட்கள் வெறுங்கையோடு இறங்கி வந்து, சூப் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். டோப்ரி ஜீப்பில் ஏறவில்லை. ஓடையை ஒட்டின பாதையில் கீழே நடந்தார். உறையிலிருந்து ஒரு கைத்தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு நடந்தார். நாங்கள் சாலை வழியாகக் காரை மெல்ல உருட்டினோம்.

ஓடைக்கு அப்பால் ஒரு பன்றிப் பண்ணை. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு வெளியே வந்தாள். காலில் புது பூட்ஸ், மேலே உரோமம். நான் காரை நிறுத்துவதற்குள் ஸ்லாத்தினா இறங்கிவிட்டாள்.

"யாரும்மா? பன்னிக்குட்டி வேணுமா?" என்றாள் அந்தப் பெண்.

"அந்த பூட்ஸ் நான் வாங்கினது."

அந்தப் பெண் தன் காலைப் பார்த்தாள். ஸ்லாத்தினாவின் காலைப் பார்த்தாள். "உனக்கு இது பத்தாதே" என்றாள்.

டோப்ரி திரும்பினார். நான் ஸ்லாத்தினாவுக்கு நாலடி பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் நேராக என்னைப் பார்த்து, "ஸ்லாத்தி, நீயா வந்திருக்கே?" என்றார்.

எனக்கும் அவளுக்கும் உயரத்தில்கூட ஒற்றுமை கிடையாது. ஸ்லாத்தினா மெல்ல அவர் முன்னால் போய் நின்றாள்.

"அப்பா. நான் இங்க இருக்கேன்."

"தெரியுது, தெரியுது" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றினார். "கண்ணு நடுவுல தெரியல. ஓரத்துல தெரியும். உன் மூஞ்சியைப் பாக்கணும்னா நான் உன் காதைப் பாக்கணும்."

"எப்பத்திலருந்து?"

"போன வருஷம் வசந்தத்துல. உரிமத்தைப் புதுப்பிக்கப் போனேன். டாக்டர் கையெழுத்துப் போடல. துப்பாக்கி ரெண்டையும் போலீஸ்ல ஒப்படைச்சுட்டேன்."

"காத்யோவுக்குத் தெரியுமா?"

"குழுவுக்கே தெரியும்."

"எனக்கு மட்டும் தெரியக் கூடாது."

"சொன்னா நீ என்ன பண்ணுவ?" என்றார் டோப்ரி. "உன் நாலாவது மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போய் உக்கார வைப்ப. காலையில நான் எழுந்து என்னத்தைப் பாக்குறது? லிஃப்டையா?"

ஸ்லாத்தினா அதை மறுக்கவில்லை. அவள் அதைத்தான் செய்திருப்பாள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சரி. கறி?"

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். தொதோரா, அதுதான் அந்தப் பெண்ணின் பெயர், பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "வேட்டைக்குப் போறவன் வெறுங்கையோட வந்தா மக சந்தேகப்படுவான்னு இவர்தான் வந்து நின்னாரு. காசு வேண்டாம், நல்ல சாமான் வெச்சிருக்கேன்னாரு. பிளாஸ்க்குக்கு ரெண்டு வாரம் குடுத்தேன். தூரநோக்கிக்கு ஒரு பின்னந்தொடை."

"முழுத் தொடை இல்ல" என்றார் டோப்ரி.

"முழுத் தொடைதான். எலும்போட குடுத்தேன், மறந்துட்டியா?"

"நான் அதை ஒவ்வொரு வாரமும் நசுக்கிப் பாத்தேன்பா" என்றாள் ஸ்லாத்தினா.

"தெரியும். அதனாலதான் இவகிட்ட வந்தேன். இவ பன்னி சுத்தமா இருக்கும்."

அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த தடியை வாங்கிப் பார்த்தாள்; மண்வெட்டிக் காம்பு, நுனியில் துணி சுற்றியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிவந்தாள். நான் அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கும்போது, "தொதோரா வெறும் பன்னிக்காரிதானா?" என்று கேட்டாள்.

"அவ புருஷன் சோபியா பட்டணத்துல வேலை பாக்குறான். எங்கிட்ட அவளுக்கு என்ன இருக்கு" என்றார் அவர். அதையும் அவள் பின்னால் விசாரித்தாள். உண்மைதான்.

அந்த வாரம் அவள் விசாரித்தது அது மட்டும் இல்லை. கண் டாக்டரின் காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஊசி போட்டுக்கொண்டால் இடது கண்ணாவது மேலும் கெடாமல் நிறுத்தலாம் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா அதையும் சொல்லவில்லை. ஊசிக்குத் தர்னோவோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மகள் துணை வேண்டும், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று ஒன்றரை வருடம் விட்டுவிட்டார். அதைப் படித்த அன்றுதான் அவள் ஆய்வகத்துக் கழிப்பறையில் போய் அழுதாள். திரும்பி வந்து, "என்னைப் பாத்துப் பயந்து கண்ணை விட்டிருக்கார், கின்கா" என்றாள். அது பொய் என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

அடுத்து காத்யோவுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"பரிதாபப்பட்டுத்தானே கூட்டிக்கிட்டுப் போறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"முதல்ல பரிதாபம்தான்" என்றான் காத்யோ. "இப்ப இல்ல. நாய் குரைக்கிறதை வெச்சே பன்னியா மானான்னு சொல்றாரு. எந்தப் பக்கம் இறங்குதுன்னு சொல்றாரு. ஆனா அவர் குடிசையில சொல்றது மேல நிக்கிற எங்களுக்குக் கேக்கறதில்ல. சாயங்காலம் சூப்பு குடிக்கும்போதுதான் தெரியும், கிழவன் சொன்னது சரின்னு."

அவள் போனை வைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். அஸ்பாருக்கின் கடையில் ஒரு கைரேடியோ கேட்டாள், வேட்டைக்குழு ஆட்கள் ஒருவரோடொருவர் பேச வைத்திருப்பது மாதிரி. பெரிய பொத்தான் உள்ளதாக. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தாள். நாலாவதுதான் பிடித்தது.

"இதையும் மாத்துவாராக்கா?" என்றான் அஸ்பாருக்.

"மாத்த வந்தா எனக்கு முதல்ல போன் பண்ணு."

சோதனை இல்லாமலா? கடையில் இரவல் வாங்கிய இன்னொரு ரேடியோவோடு என்னை ஆற்றங்கரைக்கு அனுப்பினாள், பிறகு பாலத்துக்கு, பிறகு குன்றின் மேல் கல்லறைக்கு. அங்கே காற்று வீசிக் காது உறைந்துபோனது. "இப்ப கேக்குதா?" என்று அவள் குரல் வந்தது. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் இன்னும் மேலே அனுப்பியிருப்பாள்.

எழுபதாம் பிறந்தநாள் ஒரு சனிக்கிழமை வந்தது. குடிசையிலேயே வைத்துக்கொண்டோம். டோப்ரி ரேடியோவைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "இதுக்கு என்ன விலை குடுத்தே?" என்றார்.

"தொதோராவுக்குச் சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லணும்ல."

நாய்கள் மேலே குரைக்க ஆரம்பித்ததும் அவர் பேச்சை நிறுத்தினார். தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் அப்படியே இருந்தார். எனக்கு ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினார். "காத்யோ, அது நரி. யாரும் இடத்தை விட்டு அசையாதீங்க. கறுப்பு நாய் மட்டும் தனியா குரைக்குது கேக்குதா, ஓடைப் பக்கம்? அதுதான் பன்னி. உன் வலது கைப் பக்கம் வரும்."

ஸ்லாத்தினா என்னைப் பார்த்தாள். அவள் நம்பவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு வெடி, உடனே இன்னொன்று. ரேடியோவில் காத்யோ சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்; காற்றில் சரியாகக் கேட்கவில்லை.

"தற்செயலா இருக்கலாம்" என்றாள் ஸ்லாத்தினா.

"இருக்கலாம்" என்றார் அவள் அப்பா.

சீசன் முடிவதற்குள் இன்னும் மூன்று சனிக்கிழமை ஸ்லாத்தினா குடிசைக்குப் போனாள், குளிரைத் திட்டிக்கொண்டே. டோப்ரி இன்னும் க்ருஷேவோவில்தான் இருக்கிறார். மாதம் ஒரு தடவை அவள் அவரைத் தர்னோவோவுக்கு ஊசி போடக் கூட்டிப்போகிறாள். வலது கண் போய்விட்டது. இடது அப்படியே நிற்கிறது. போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். ஊசி போட்டு வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும், கண்ணில் கட்டோடு, அவர் மகள் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"அந்த டாக்டர் பொண்ணு கை நடுங்குதே. நெசமாவே படிச்சவதானா?"

"விசாரிச்சுட்டேன்பா" என்றாள். பெல்ட்டை மாட்டிவிட்டாள். "ஆனாலும் அடுத்த தடவை நான் உள்ள வந்து நிக்கிறேன்."