நோன்பு வைத்த கணக்கு டீச்சர்

உம்மல் குல்சுமுக்குப் பயிற்சிக் கூட்டம் என்றால் உயிர். சிங்காநல்லூரில் அந்தச் சின்ன இஸ்லாமியப் பள்ளிக்கு அவர் தலைமையாசிரியை ஆனதிலிருந்து, சனிக்கிழமை மதியம் எந்த டீச்சரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. பிள்ளைகளுக்கு எதைச் சொல்கிறோமோ அதை முதலில் நாம் செய்ய வேண்டும், மார்க்கம் கேட்பது அதைத்தான் என்பார். டீச்சர்கள் கொட்டாவியை முந்தானையில் மறைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். சாமியாத்தாள் மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அவள் கணக்கு டீச்சர். அவிநாசியிலிருந்து பஸ்ஸில் வருவாள். அங்கே முஸ்லிம் அல்லாத ஒரே டீச்சர் அவள்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வயிற்றில் ஆறு மாதம்.

தொண்ணூற்றைந்தில் ரம்ஜான் பிப்ரவரியில் வந்தது. சாமியாத்தாள் டிபன் பாக்ஸ் கொண்டுவருவதை நிறுத்திவிட்டாள். நோன்பாளிகள் முன்னால் சாப்பிடக் கூசி எங்கோ மறைவாகச் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக் குல்சுமுக்கு மனசு குளிர்ந்துபோனது. கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து, மரியாதை தெரிந்த பெண் என்று பாராட்டினார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்பில் பின்னம் சொல்லிக்கொடுக்கும்போதே அவள் சுருண்டு விழுந்தாள். குல்சும் ஓடிப்போய் மடியில் தாங்கினார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"கடைசியா எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"வெடியால நாலு மணிக்குங்க மேடம். நோன்புங்களே."

குல்சுமுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களை யாரு கண்ணு நோன்பு வைக்கச் சொன்னது? மாசமா இருந்தா எங்க பொண்ணுங்களே விட்டுட்டுப் பின்னால வெச்சுக்கலாமே. மார்க்கத்துலயே அதுக்கு இடமிருக்குதே."

"அது எனக்குத் தெரியாதுங்க. பிள்ளைகளுக்குச் சொல்றதை நாமதான் மொதல்ல செய்யோணும்னு சொன்னீங்க. அத்தனை பேர் முன்னால பாராட்டிப்போட்டீங்க. அப்புறம் எப்படிங்க விடறது?"

கூட்டம் கூட்டமாகப் போட்டு என்னென்னவோ பேசிய குல்சும், இந்த ஒன்றைச் சொல்லவே இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டார்.

பக்கத்துத் தெரு நர்சு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை அசைகிறது, பயமில்லை என்றாள். குல்சும் தன் கையாலேயே சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டினார். சாமியாத்தாள் ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு வாசலில் நின்ற டீச்சர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குடிச்சுப்போட்டேனுங்க மேடம். இதுக்காக என்னைய வேலையை விட்டு நிறுத்திர மாட்டீங்கல்ல?"