வைக்கல் அளக்க வந்த ஓவசியர்

அந்த ஓவசியரை நினைத்தால் முதலில் கண்ணுக்குள் வருவது அவருடைய அளவு நாடா. தோல் உறைக்குள் சுருண்டு கிடக்கும். அதன் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, எங்கள் வைக்கல் போருக்கு மேலால் எறிந்து, மற்றப் பக்கம் ஓடிப்போய்ப் பிடிப்பார். “பிரேதத்துக்கு அளவெடுக்கிற மாதிரிக் கிடக்கு,” என்று பக்கத்து வளவு மாமி முணுமுணுத்தா. நான் சிரித்தேன். அந்த வயதில் எனக்குச் சிரிக்கத்தான் தெரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயனுக்கு வந்து, காடு வெட்டிக் குடியிருந்து மூன்றாம் வருஷம் அது. எழுத்து எனக்குக் கையெழுத்து வைக்கிற அளவுக்குத்தான். ஆனால் போர் கட்டுவதில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. ஒரு துளி மழை உள்ளே இறங்காது. கோடையில் குளம் வற்றி மேய்ச்சல் கருகினால், எங்கள் எருதுச் சோடிக்கு அந்தப் போர்தான் சாப்பாடு. எருது உயிரோடு நின்றால்தான் ஐப்பசியில் உழவு.

காட்டில் விறகு எடுக்கக் கெடுபிடி கூடிவிட்டதாம். அதனால் றோட்டடி அரிசி மில் முதலாளி, இனி வைக்கலையும் உமியையும் எரித்து நெல் அவிக்கப் போகிறாராம். எந்த ஊரில் எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று எழுதிவரத்தான் மில் வேலைகளை மேற்பார்க்கும் தன் பட்டினத்து ஓவசியரை அனுப்பியிருந்தார். வைக்கல் கொடுக்கிறவர்களுக்கு வருஷம் முழுக்க மில்லில் காசில்லாமல் நெல்லுக் குற்றிக் கொடுப்பார்களாம். ஓவசியர் நேர்மையான மனிதர். கதிரை கொடுத்தாலும் இருக்கமாட்டார், தேத்தண்ணி குடிக்கமாட்டார், சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். அந்த நேர்மைதான் எங்களுக்கு எமனாக வந்தது.

அவர் வந்தது சூடு மிதித்து நெல் பிரிக்கிற நாளில். நெல் குவிந்து கிடந்த களத்தில் நின்றே கேட்டார்: “தங்கச்சி, உங்கடை மாட்டுக்கு இந்த வைக்கல் காணுமோ? மிச்சமும் வருமோ?”

களத்தில் நின்று “காணாது”, “போதாது”, “இல்லை” என்று வாய் திறக்கக்கூடாது. திறந்தால் விளைச்சலின் பொலி போய்விடும் என்று எங்களுக்குப் பயம். கடகப் பெட்டி வெறுமையாய் இருந்தாலும் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்லுவோம். மூச்சு விடுவதுபோல அது எங்களுக்கு. பட்டினத்து ஆளுக்கு இதை விளக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

“மாட்டுக்குப் போட்டாலும் மலைபோலக் கிடக்கும். எழுதுங்கோ!” என்றேன்.

“அவளிட்டை ஒரு மலை எண்டால் என்ரை வளவிலை இரண்டு மலை, ஓவசியர்!” என்றா மாமி. களமே சிரித்தது. தர்மபுரம் வரைக்கும் எல்லாக் களத்திலும் இதே கதைதானாம். அவருடைய கொப்பி முழுக்க மிச்சம், மிச்சம், மிச்சம்.

மில் வண்டில்கள் வந்தபோதாவது மறுத்திருக்கலாம். “பாதியை வைச்சுக்கொண்டு குடுப்பமோ?” என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். ஊருக்கு முன்னால் சொன்ன வாயை எப்படித் திருப்புவது? முக்கால் போரை நானே பிரித்து ஏற்றிவிட்டேன்.

வைகாசியில் குளத்தின் நடுவிலேயே மண் வெடித்தது. ஆனியில் மில்லின் கரும்புகை காற்றோடு எங்கள் பக்கம் சாய்ந்தது. எங்கள் வெள்ளை எருது அந்தத் திசைக்கு மூக்கைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். எரிவது தன் சாப்பாடு என்று அதற்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்துக்கொள்வேன். ஆடிக்குள் எங்களிடம் மீந்திருந்த கால் போரும் முடிந்தது.

ஆவணியில் அடுத்த போகத்துக்கு எழுத ஓவசியர் திரும்ப வந்தார். வழியெல்லாம் செத்துக் கிடந்த மாடுகளைக் கண்டு, சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்திருந்தார்.

“மிச்சம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், தங்கச்சி?”

“களத்திலை நிண்டு வேறை என்னத்தைச் சொல்லுறது ஐயா? வீட்டு வாசல் படலையடியிலை கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லியிருப்பன்.”

அவர் சைக்கிளைத் திருப்பினார். மில்லுக்குப் போய்ப் பின்னேரம் ஒரு சாக்குத் தவிட்டோடு வந்தார். வைக்கல் எல்லாம் சாம்பல் என்றார். வெள்ளை எருது தவிட்டை மணந்து பார்த்தது, நாக்கை நீட்டவில்லை. அடுத்தநாள் மத்தியானம் விழுந்தது. சோடி உடைந்தால் உழவு இல்லை. மழை வந்தபோது நானும் வீட்டுக்காரரும் மண்வெட்டியால் கொத்தி, முடிந்த துண்டை மட்டும் விதைத்தோம். மற்ற வயல் புல்லுக்குப் போனது. ஓவசியர் மில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்வி.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு, போன மாதம் ஒரு கொம்பனியிலிருந்து ஒரு இளம் பெட்டையும் பெடியனும் எங்கள் வயலுக்கு வந்தார்கள். வைக்கலில் இருந்து வாகனத்துக்கு எண்ணெய் எடுக்கலாமாம். எந்த ஊரில் எவ்வளவு மிச்சம் என்று போனில் பதிகிறார்கள். மெசின் வெட்டி நெல் குவிந்திருந்த இடத்தில் நின்று என் மகன் கையை அகல விரித்தான். “இஞ்சை கிடக்கிறதுக்கு என்ன குறை? எவ்வளவும் அள்ளுங்கோ!”

அந்தப் பெட்டையின் கையைப் பிடித்துப் படலையடிக்குக் கூட்டிவந்தேன். “காணாது எண்டு எழுதும் பிள்ளை,” என்றேன்.

அவள் மரியாதையாகத்தான் சிரித்தாள். “அவர் சொன்னது பதிஞ்சு அனுப்பியாச்சு, அம்மா.”