வெள்ளைக் குஞ்சும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் நகரக் குப்பைக் கிடங்கில் எடைமேடைக்காரர். லாரி உள்ளே வந்தால் ஓர் எடை, காலியாகத் திரும்பும்போது ஓர் எடை. யாராவது கேட்டால், "ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அவ்வளவு வெட்கம் எனக்கு.

அங்கே அவருக்குக் கூட்டாளிகள் அண்டங்காக்கைகள்தாம். மதியம் ரொட்டித் துண்டைப் போட்டால் ஒரு ஜோடி ஜன்னல் விளிம்புக்கே வந்துவிடுமாம். தின்றது போக மிச்சத்தை ஒளிக்கும்போது இன்னொன்று பார்த்துவிட்டால், சும்மா ஒரு குழியில் ஒளிப்பதுபோல் பாசாங்கு பண்ணிவிட்டு வேறிடம் போகுமாம். கல்லெறிந்த டிரைவர் ஒருவரை மூன்று வருஷம் கழித்தும் முகம் மறக்காமல் துரத்தியதாம். சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்வார். "பேசாம அதுங்களோடயே குடித்தனம் நடத்துங்க" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த ஜோடியின் குஞ்சுகளில் ஒன்று சுத்த வெள்ளை. பறக்கத் தெரியாமல் தரையில் தத்திக்கொண்டிருந்ததைப் போட்டோ எடுத்து வந்தார். பக்கத்து வீட்டு டீச்சர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"இங்க கொண்டாங்களேன். தரையில கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும்."

"பறக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் அப்படித்தான் கெடக்கும். அம்மாவும் அப்பாவும் பக்கத்துலயே இருந்து ஊட்டுதுங்க. நாம தொடக்கூடாது."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்ககிட்ட நான் என்ன கேட்டிருக்கேன்?"

மறுநாள் அட்டைப்பெட்டியோடு வந்தார். நெற்றியில் கொத்திய காயம்.

இறைச்சியைப் பொடியாக வெட்டிக் கொடுக்கச் சொன்னார். வருகிறவர்கள் முன்னால் வீடு நாறுமே என்று நான் ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். தெருவே வந்து பார்த்தது. மூன்றாம் நாள் அது ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. திருப்பி விட்டுவிடலாம் என்றார். டீச்சரின் அக்கா ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாக இருந்தது. ஒரே ஒரு நாள் பொறுக்கச் சொன்னேன். ஞாயிறு காலை குஞ்சு பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலுக்கு நான் பத்து பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். பாவி, அதற்கும் வழி விடவில்லை.

பத்து நாள் கழித்து சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு முதல்முறையாகக் கிடங்குக்குப் போனேன். என்னைப் பார்த்து அவர் அறைக் கதவைத் திறந்ததுதான் தாமதம், அந்த ஜோடி கத்திக்கொண்டு அவர் தலைமேல் பாய்ந்தது. மற்றவையும் சேர்ந்துகொண்டன. அவர் பழக்கப்பட்டவர்போல் ஒரு தகரத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி வந்து டப்பாவை வாங்கினார்.

"தினமும் இப்படித்தானா?"

"ம்."

"நான்தானேங்க எல்லாத்துக்கும் காரணம்."

"அதுங்களுக்கு என் முகம்தானே தெரியும்."

டப்பாவிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்துப் போட்டார். ஒன்றும் கிட்டே வரவில்லை. இன்னொரு லாரி வந்து நிற்கவே, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கத்தல் அடங்கியது. கீழே கிடந்த அதே ரொட்டியை எடுத்து நான் போட்டேன். ஜோடியில் ஒன்று சுவரிலிருந்து இறங்கி, தத்தித்தத்தி என் காலருகே வந்து அதை எடுத்துத் தின்றது. தின்றுவிட்டு இன்னும் வேண்டுமென்று என் முகத்தையே நிமிர்ந்து பார்த்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டேன்.