அப்பா இருந்த ஊரில் கரண்டு இல்லை

அன்றைக்கு வீட்டில் இருந்தது நாலு பேர்: அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, செல்போனும் கையுமாக அவளைக் கூட்டிவந்த மாமா. புது டேபிள் ஃபேனையும் சேர்த்தால் ஐந்து. அதன் முன்னால் உட்காரத்தான் அத்தை ஆத்தங்குடியிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள் என்பது அம்மாவின் கணிப்பு.

எங்கள் ஊர் கொத்தமங்கலத்துப் பெரிய வீடுகளில் பூட்டிக்கிடக்கும் அறைகளுக்குக்கூட எங்கள் தாத்தா காலத்திலேயே கரண்டு வந்துவிட்டதாம். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம்தான் வந்தது. அதுவும் வெளிநாட்டு வேலைக்குப் போன அப்பா அனுப்பிய காசில். அந்த வெளிச்சத்தில் அப்பா ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வெளிநாடு என்றாலே வெளிச்சம்தானே! பல்லி கத்தினால்கூடப் பயப்படுகிற நான் அப்பாவை நினைத்து மட்டும் பயந்ததில்லை.

மத்தியானம் அப்பா கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மாமா ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னண்ணே, ஏசியப் போட்டு இழுத்துப் போத்திப் படுத்திருக்கீகளா?" என்றாள் அத்தை.

அப்பா சிரித்தார். "ஏசியா? போ ஆத்தா! இங்க கரண்டே கெடையாது. கம்பி இழுக்கத்தானே எங்களக் கூட்டியாந்திருக்காக. பக்கத்து ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு. நாங்க தங்கியிருக்கிற ஊருக்கு இன்னும் வரல."

என்னால் நம்பவே முடியவில்லை. வெளிநாட்டில் கரண்டு இல்லையா?

"எங்குட்டோ மாத்தி எறக்கிவிட்டுட்டாய்ங்களா மச்சான்?" என்று மாமாவே பதறினார்.

"அட, சரியாத்தான் எறக்கிவிட்டாக. ஒலகத்துல இன்னும் எத்தனையோ ஊரு இருட்டுலதான் கெடக்கு."

அம்மா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். "ஏன் அண்ணி, வேகுதுல்ல?" என்று அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள். ஃபேன் சத்தத்தில் அப்பா பேசுவது அம்மாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ராத்திரியில் வானத்திலிருந்து எடுத்த உலகப் படம் ஒன்று இப்போது என் செல்லுக்கு வருவதுண்டு. எல்லாரும் ஜொலிக்கிற இடங்களைப் பார்ப்பார்கள். நான் கறுப்பாகக் கிடக்கிற இடங்களைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். அங்கே யார் வீட்டு அப்பா இருக்கிறாரோ என்று இன்றைக்கும் தேடுவேன்.

அன்றைக்குப் பாம்பும் தேளும் அப்பாவைச் சுற்றி ஊர்வதுபோலவே எனக்குத் தோன்றியது. மாமாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"அப்பா, நம்ம வீட்லதான் கரண்டு இருக்கே! எதுக்கு அங்க போய் இருட்டுல கெடக்கீக? வந்துருங்கப்பா!"

பதிலே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று போனை உதறினேன், தட்டினேன். மாமா வாங்கிப் பார்த்தார்.

"கட்டாகல ஆத்தா. செகண்டு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

ஓடுகிறதென்றால் அப்பா ஏன் பேசமாட்டேன் என்கிறார்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.