ஆவாரம்பட்டைப் பரீட்சை

யாராவது பெரிய மனிதர் மேடையேறி 'நியாயம்' என்று வாயைத் திறந்தால் கலீமுல்லா வாத்தியாருக்குக் குமட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே குமட்டும். கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார். ஆம்பூரில் பலர் அதை வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஓமத் தண்ணீர் சிபாரிசு செய்தார்கள். ஓமமாவது தண்ணீராவது! ஊர்ப் பிள்ளைகளுக்கு நியாயம் என்றால் என்ன என்று வருஷக்கணக்கில் சொல்லிக் கொடுத்தவரே அந்த மனிதர்தான்.

பிறந்தது பேரணாம்பட்டில். அவருடைய அப்பா ஒரு தோல் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தார். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அப்பாவின் மேலிருந்து வாடை போகாது, பிள்ளையின் சட்டையிலும் அது ஏறிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையன்கள் நகர்ந்து உட்காருவார்கள். இத்தனைக்கும் அந்தப் பையன்களின் அப்பன்மாருக்கும் தோல் வியாபாரம்தான். விற்கிறவன் மேல் வாடை ஒட்டாது, தொடுகிறவன் மேல்தான் ஒட்டும் என்பதைக் கலீமுல்லா ஆறு வயதிலேயே புரிந்துகொண்டார். வேலூரில் படித்து, உபகாரச் சம்பளத்தில் மெட்ராஸ் போய், தத்துவம் எடுத்து பி.ஏ. முடித்தார். "தத்துவமாம்! அத வெச்சு ஒரு ஆட்டுத்தோலு வாங்க முடியுமா?" என்று உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

தோலும் வாங்கவில்லை, உத்தியோகத்துக்கு மெட்ராஸிலும் நிற்கவில்லை. ஆம்பூருக்கு வந்து ஒரு ஹைஸ்கூலில் கடைசி வகுப்பான ஆறாம் பாரத்துக்கு வாத்தியாரானார். வாரத்துக்கு ஒரு பீரியடு நீதி போதனை என்று அட்டவணையில் இருந்தது. மற்ற வாத்தியார்களுக்கு அது தூங்குவதற்கான பீரியடு. பொய் சொல்லாதே, திருடாதே என்று இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். கலீமுல்லா வாத்தியார் அதில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"இந்த ஊர்ல அடிக்கிற நாத்தம் யாருக்குச் சொந்தம்?" என்று ஒரு நாள் கேட்டார்.

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்கடா, சொல்லுங்க. தோலுக்குச் சொந்தக்காரர் இருக்கார். லாபத்துக்குச் சொந்தக்காரர் இருக்கார். நாத்தத்துக்கு?"

ஹபீப் எழுந்தான். ஊரில் தோல் பதனிடுகிற பெரிய டேனரி வைத்திருந்த குலாம் தஸ்தகீர் சாயபுவின் மகன். கெட்டிக்காரப் பையன், வாயும் நீளம். "அது எல்லாருக்கும்தான் சார். காத்து பொதுதானே?"

"உங்க பங்களாவுல அடிக்குதா?"

"ஜாஸ்தி இல்ல சார். நாங்க ரயில் ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கோம்."

"ஏன் அந்தாண்ட போய்க் கட்டினாங்க?"

ஹபீப் ஜன்னல் வழியாக ரயில் ரோட்டுப் பக்கம் பார்த்தான். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பையன்களை யோசிக்க வைத்துவிட்டாராம்! வகுப்பில் கேட்டால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்கட்டும் என்று அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எல்லாரையும் சுண்ணாம்புக்குழித் தெருவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

டேனரிக்குப் பின்புறம் அந்தத் தெரு. அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருந்தது அதில்தான். தோலிலிருந்து சுரண்டிய மயிரும் சவ்வும் மழைத்தண்ணீரோடு கலந்து வாசல் வாசலாக நின்றது. அதைக் கிளறுகிற நாய்கள், நாய்களின் மேல் ஈக்கள். மயிர் கழல்வதற்காகத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிகளிலிருந்து கசிந்த கழிவு, தெருவுக்கு இருந்த ஒரே கிணற்றில் போய் இறங்கி, தண்ணீர் மஞ்சள் பூத்து நுரை தள்ளியது. அத்தர் தடவிய கைக்குட்டைகளைப் பையன்கள் மூக்கில் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் ஓரமாகப் போய் ஓக்கரித்தான்.

கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த வள்ளியம்மாள் அவனைப் பார்த்தாள். அவள் புருஷன் வேலு சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டுகிறவன். "மூக்க பொத்திக்கினா தண்ணி நல்லதாயிடுமா தம்பி? நாங்க வாயயும் சேத்துப் பொத்திக்கினா எத்தக் குடிக்கிறது?" என்றாள்.

வாத்தியாருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஆறாம் பாரத்துப் பையன்கள் அந்தத் தெருவுக்கு ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டுவது என்று முடிவாயிற்று. கசிவு ஏறாத மேட்டு நிலம் வேண்டும். தெருவுக்கு மேற்கே குலாம் தஸ்தகீர் சாயபுவின் தென்னந்தோப்பு இருந்தது. மகன் கேட்டான், அவரும் ஓரத்தில் ஒரு துண்டு இடம் தந்தார்.

"தாராளமா வெட்டுங்க மாஸ்டர் சாஹேப். என் மகன் மண்ணு சுமந்தான்னு கலெக்டர் காதுல விழட்டும்," என்று சிரித்தார். வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார்.

பையன்கள் மண் சுமந்தது வாஸ்தவம். ஹபீபின் உள்ளங்கை கொப்பளித்துப் போயிற்று. ஆனால் பாறையை உடைத்தது வேலுவும் அந்தத் தெரு ஆண்களும்தான். பகலெல்லாம் சுண்ணாம்புக் குழியில் நின்று புண்ணான காலோடு, பொழுது சாய்ந்ததும் இங்கே வந்து கடப்பாரை பிடித்தார்கள். தண்ணீர் கண்டபோது பெண்கள் குலவை போட்டார்கள். இளநீர் மாதிரித் தண்ணீர். அந்தத் தெருப் பெண்கள் குடத்தைக் கழுவிக் கழுவிப் பிடித்தார்கள். சாயபு கொடுத்த சிமிட்டியில் கைப்பிடிச் சுவர் கட்டி, பூச்சு காய்ந்து, திறப்பு விழா வைக்கிறவரைக்கும் ஒரு பருவம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அந்த மனிதருக்குப் பெருமை பிடித்து ஆட்டியது!

ஊரில் சில தோல் வியாபாரிகள், "அந்தப் பக்கம் பூமியே உப்பு. பசங்க வெட்டுன கெணத்துல இன்னா தண்ணி வந்துடப் போவுது?" என்று இளக்காரமாகப் பேசியது அவர் காதில் விழுந்து உறுத்திக்கொண்டே இருந்தது. வேறு ஊராக இருந்தால் ஒரு டம்ளர் மொண்டு, மடமடவென்று குடித்துக் காட்டினால் கதை முடிந்திருக்கும். ஆம்பூர்க்காரன் நாக்கை நம்ப மாட்டான், ஆவாரம்பட்டையைத்தான் நம்புவான். தோல் பதனிட அந்தப் பட்டைச் சாறுதான் உயிர். கெட்ட தண்ணீரில் பட்டையை ஊறப்போட்டால் சாறு கறுத்துப்போகும், தோலும் கறுக்கும். நல்ல தண்ணீரில் பொன்னாக இறங்கும். ஒரு கிணற்றுத் தண்ணீரின் யோக்கியதையை அந்த ஊரில் யாரும் இப்படித்தான் பார்ப்பார்கள். தரம் பிரிக்கிறவர் பெற்ற பிள்ளைக்கு இது தெரியாதா?

விழா மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் பழைய கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் புதுக் கிணற்றுத் தண்ணீர். இரண்டிலும் இடித்த ஆவாரம்பட்டையைப் போட்டு, மூடி வைத்துவிட்டு, அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்று ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். முன்வரிசையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தோல் முதலாளிகள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். பிரசங்கம் முடிந்து மூடியை எடுத்தார் பாருங்கள், முன்வரிசை முழுக்க விழித்துக்கொண்டது!

பழைய தண்ணீர் சாக்கடையாகக் கறுத்திருந்தது. புதுத் தண்ணீர் தெளிந்த பொன்னாக நின்றது. டம்ளர் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒருவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், ஒருவர் மோந்தார். குலாம் தஸ்தகீர் சாயபு விரலை விட்டு நக்கிப் பார்த்து, "மாஷா அல்லா!" என்றார். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. வாத்தியாருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நியாயத்துக்காகத் தட்டுகிறார்கள் என்று நினைத்தார், பாவி மனுஷன்.

கட்டிய மாவிலை காய்வதற்குள் தோப்பைச் சுற்றி முள்வேலி வந்தது. பிறகு ஆயில் இஞ்சின் வந்தது. பிறகு கிணற்றிலிருந்து டேனரித் தொட்டிகளுக்குக் குழாய் போயிற்று. விடியற்காலை ஆரம்பித்தால் இருட்டுகிறவரை இஞ்சின் ஓடியது. தெருப் பெண்கள் பழைய கிணற்றுக்கே திரும்பினார்கள்.

வாத்தியார் பதறிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். சாயபு எழுந்து நின்று சலாம் சொன்னார், நாற்காலி போடச் சொன்னார், சாயாவும் பிஸ்கத்தும் வரவழைத்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

"தண்ணி கெடையாதுன்னு நான் எப்போ சொன்னேன் மாஸ்டர் சாஹேப்? இஞ்சின் நின்னதும் வந்து மொண்டுக்கட்டுமே."

"இஞ்சின் நிக்கிறப்போ கெணத்துல சேறுதான் இருக்குது."

"ஊத்து அல்லா கையில இருக்குது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

"அவங்க வெட்டின கெணறு, சாயபு!"

"என் எடம். என் சிமிட்டி. டேனரி நல்லா ஓடினா அவங்களுக்குத்தானே சோறு?" சாயபு பிஸ்கத்துத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்தத் தண்ணி தோலுக்கு ஆவும்னு எனக்கே தெரியாது. பட்டை போட்டு ஊர் முன்னால காட்டுனது நீங்கதான். அதுக்கு நான் ஷுக்ரியா சொல்லணும்."

அந்தப் பிஸ்கத்தை வாத்தியார் தொடவில்லை. தெருவில் இறங்கி நடந்தபோது தன் நாக்கையே அறுத்துப் போட வேண்டும் போலிருந்தது அவருக்கு. இந்த இனிப்புப் பேச்சைவிட அந்தச் சாக்கடை எவ்வளவோ சுத்தம் என்று தோன்றியது.

இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. பையன்கள்! கை கொப்பளிக்க மண் சுமந்த பையன்கள் சும்மா இருப்பார்களா? எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டால் சாயபு ஊருக்குப் பயந்தாவது வேலியைப் பிரிப்பார். அடுத்த நீதி போதனை பீரியடில், கிணறு யாருக்குச் சொந்தம் என்று கேட்டார்.

ஹபீப் எழுந்தான். "அவங்கவங்களுக்கு உரியத அவங்கவங்களுக்குக் குடுக்கறதுதான் நியாயம்னு நீங்கதான் சார் சொன்னீங்க. எடம் எங்கப்பாவுக்கு உரியது. கூலி அவங்களுக்கு உரியது, அத நாங்க கரெக்டா குடுத்துடறோம்."

"நீ மண்ணு சுமந்தியேடா, ஹபீப்!"

"அது தர்மம் சார். இது பிசினஸ்."

வகுப்பே கைதட்டியது. ஒரு பையன்கூட, ஒரே ஒரு பையன்கூட, எழுந்து மறுத்துப் பேசவில்லை. என்ன அழகாகப் பேசுகிறான், என்ன கோவையாக அடுக்குகிறான்! அத்தனையும் அவர் கற்றுக்கொடுத்தது. தான் இத்தனை நாள் இவர்களுக்கு ஊட்டியது நியாயம் இல்லை, திருட்டுக்குப் பூச்சு பூசுகிற வித்தை என்று கலீமுல்லா வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது. தூ!

பீரியடு முடிந்ததும் ஹெட்மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக வந்து, கிணற்றுப் புகழ் மெட்ராஸ் வரைக்கும் போய்விட்டது, வருகிற வருஷம் அதே தெருவில் வேறு ஏதாவது செய்யலாம், யோசியுங்கள் என்றார். வாத்தியார் நேரே சுண்ணாம்புக்குழித் தெருவுக்கு நடந்தார்.

வள்ளியம்மாள் வாசலில் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சொம்பில் பழைய கிணற்றின் மஞ்சள் பூத்த தண்ணீர். அவள் திட்டுவாள், மண்ணை வாரி இறைப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சாயபு," என்றாள். அந்தத் தெருவுக்கு அவரும் ஒரு சாயபுதான்.

"நான் சும்மா விடமாட்டேம்மா. பெரியவங்ககிட்ட பேசுறேன். கலெக்டருக்கு மனு போடுறேன்."

"ஐயோ, வேணாம் சாயபு. நீங்க பேசினா எங்க ஊட்டுக்காரருக்கு வேல போய்டும்." குழந்தையின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். "இது பால் மறந்தப்போ அந்தக் கெணத்துத் தண்ணிதான் குடுத்துப் பழக்குனேன். இப்போ இந்தத் தண்ணிய வாயில வெச்சாலே துப்புது. மூத்ததுங்க ரெண்டும் பொறந்ததுலர்ந்து இதத்தான் குடிச்சுதுங்க, ஒரு பேஜாரும் இல்ல. இத மட்டும் அடிச்சு அடிச்சுக் குடிக்க வெக்கிறேன்."

சொம்பை வாயில் வைத்தாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு துப்பியது. வள்ளியம்மாள் அதன் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அது வீறிட்டு அழுத நேரம் பார்த்து ஊற்றினாள்.

வாத்தியார் கை நீட்டித் தடுக்கப் போனார். தடுத்து, அதற்குப் பதிலாகக் குடிக்க எதைக் கொடுப்பது? நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"எங்களுக்கு நல்லது பண்ணணும்னு இன்னொரு தடவ தோணிச்சுன்னா, ஊட்டோட இருந்துக்குங்க சாயபு," என்றாள் வள்ளியம்மாள், கோபமே இல்லாமல். பிறகு குழந்தையிடம் குனிந்தாள். "அழுவாத. பழகிக்கோ. உம், குடி."

குழந்தை வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே குடித்தது.