மஸ்கெலியா மேட்டில் நின்ற லொறி

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள வத்தளையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, ஹட்டனில் பஸ் மாறி, மஸ்கெலியாவில் ஆட்டோ பிடித்து அக்கா வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தை அடைந்தபோது பின்னேரமாகிவிட்டது. அக்கா மகள் கலைவாணிக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது. உதவிக்கு இருக்கலாமென்று லீவு போட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலையிலேயே வலி கண்டது. தோட்டத்து அம்புலன்ஸ் பழுது பார்க்கப் போய் மாதக்கணக்காகிறதாம். ஆட்டோக்காரர் போனை எடுக்கவில்லை. கொழுந்து ஏற்றும் லொறிதான் வந்தது. பின்தட்டில் கொழுந்து கட்டும் படங்குச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்து, நானும் அக்காவும் இருபுறமும் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம்.

நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்குவதற்கு முன் பாதை ஒரு மேட்டில் செங்குத்தாக ஏறுகிறது. பாதி ஏற்றத்தில் இன்ஜின் இரண்டு முறை திணறி நின்றுபோனது. லொறி பின்னால் நகர்ந்தது. டிரைவர் முருகேசு அண்ணன் பிரேக்கை மிதித்தபடி சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். நான் குதித்துக் கல்லை உருட்டி வைத்தேன். டீசல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டேன்.

“டீசல் கெடக்கு தங்கச்சி. டேங்குக்குள்ள உறிஞ்சிற குழா பாதியில ஒடஞ்சிருச்சு. ஏத்தத்துல டீசல் பின்னால ஒதுங்குனா வெறும் காத்தைத்தான் இழுக்கும். ஆபீஸ்ல சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு.”

டேங்கை நிரப்பி வைத்தால் ஓடும்தானே என்று தோட்டத்து அதிகாரி சொல்லியிருக்கிறார். நிரப்பும் அளவுக்கு டீசல் கொடுத்ததும் இல்லை. அண்ணன் கைப்பம்பை அழுத்தி அழுத்தி, நுரை நுரையாக வந்த காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தார். சிறிது தூரம் ஏறி மறுபடியும் நின்றது. அதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. கொழுந்து வாசமடிக்கும் படங்கின் மேல், அக்காவின் கையில். சத்தமே இல்லை. அக்கா முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து மெல்லிய முனகல் கேட்டது. என் சேலையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அண்ணன் மறுபடியும் பம்பை அழுத்தி லொறியைக் கிளப்பி ஒருவழியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்ல ஒரு நாள் ஆனது.

அடுத்த நாள் உரம் ஏற்ற லொறி ஹட்டனுக்குப் போனது. நானும் ஏறிக்கொண்டேன். இருபது கிலோமீற்றர் தூரமும் எனக்குள் கோபம் கொதித்துக்கொண்டே வந்தது. அங்கே ஒரு கராஜில் லொறியை நிறுத்தச் சொன்னேன்; டேங்கைக் கழற்றினார்கள். வெளியே வந்த குழாய் என் முழங்கை நீளம்கூட இல்லை. அடிப்பகுதி துருப்பிடித்து முறிந்திருந்தது. கராஜ் மெக்கானிக் பாஸ் அதைவிடத் தடித்த புதுக் குழாயை டேங்கின் அடியை எட்டும்படி பொருத்தி, அதன் வாய்ப்பக்கத்தில் சல்லடை வைத்தார். ஏற்றத்திலும் டீசல் ஒதுங்கிப் போகாமல் தங்க, குழாயைச் சுற்றிச் சின்னத் தகரப் பெட்டி ஒன்றையும் அமைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிட்டது. காசை நான் கொடுத்தேன். ஒரு மூட்டை உரத்தின் விலைகூட ஆகவில்லை.

திரும்பும்போது லொறி உரமூட்டைகளோடு அந்த மேட்டின் மறுபக்க ஏற்றத்தில் நிற்காமல் ஏறியது.

அதிகாரி ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தார். யாரைக் கேட்டு டேங்கைக் கழற்றினாய் என்று அண்ணனிடம் கேட்டார். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முன்னால் போய்க் கேட்டேன்.

“உங்க வீட்டுப் பொம்பளைய இதுல ஏத்தி அனுப்புவீங்களா சார்?”

அவர் உள்ளே போனார். அண்ணனைத் தொழிற்சாலை வேலைக்கு மாற்றிவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது. நியாயம் கேட்டு ஆபீசுக்குப் போனேன். தோட்டத்து மேனேஜரான துரை ஊரில் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள்.

கலைவாணியும் குழந்தையும் வீடு வந்த பிறகு புறப்பட்டேன். வத்தளையில் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் லொறி பழுதானால் அடுத்த நாளே வேறு லொறி வருகிறது. மஸ்கெலியாவில் பஸ் ஏறி உட்கார்ந்திருந்தபோது அதுதான் நினைவில் வந்தது. அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இரண்டு பெண்கள் நிறைமாதமாக இருக்கிறார்கள். அம்புலன்ஸ் இன்னும் வரவில்லை.